பகான் அரக்குக் கிண்ணமா, மாண்டலே கலகாவா?

ரங்கூன் வீட்டுக் கூடத்துக்கு ஒரு கலைப்பொருள் வேண்டும் என்று போஜோக் சந்தைக்குப் போனால், கை பகான் ஊர் அரக்குக் கிண்ணம், மாண்டலே ஊர்க் கலகா என்ற இந்த இரண்டில் ஒன்றுக்குத்தான் நீளும்.

கலகா என்பது தையல் திரைச்சீலை. வெல்வெட் துணியில் உருவங்களை வைத்துத் தைத்து, உள்ளே பஞ்சு திணித்துப் புடைக்கச் செய்து, சரிகையும் ஜிகினாவும் பதிப்பார்கள். கதை புத்த ஜாதகத்திலிருந்து வரும், அல்லது ராமாயணத்திலிருந்து. அனுமன் வாலைத் தூக்கி நின்றால் நம்மவர்களுக்குப் பேரம் பேசக்கூடத் தோன்றாது! தொல்லை தூசிதான். ஜிகினா இடுக்கில் போனால் வராது, துவைக்கவும் முடியாது.

பகான் கிண்ணம் வேறு சங்கதி. மெல்லிய மூங்கில் சிம்புகளைச் சுற்றிக் கூடாக்கி, அரக்காக தித்சி மரத்துப் பாலைப் பூசி, நிலவறையில் காயவைப்பார்கள். வெயிலில் அல்ல, இந்தப் பால் ஈரக்காற்றில்தான் இறுகும். பூச்சுமேல் பூச்சாக மாதக்கணக்கில் இதே வேலை. அப்புறம் ஊசிமுனையால் கீறி நிறம் ஏற்றுவார்கள். குதிரைமயிர் சேர்த்துப் பின்னிய கிண்ணமானால் விளிம்பை மெல்ல அமுக்கிப் பாருங்கள்: வளைந்து, விட்டதும் பழையபடி நிமிரும்.

கல்யாணப் பரிசுக்குக் கலகா சரி, பார்த்ததும் பளிச்சென்று இருக்கும். எனக்கென்றால் கிண்ணம்தான். நேர் வெயில் படாமல் வைத்து, மெல்லிய துணியால் துடைத்தால் போதும்.