ஆறு சிலிண்டருக்கு எட்டு என்று எழுதிய பில்

யாழ்ப்பாணத்தில் இன்னும் மொறிஸ் மைனர் வைத்திருப்பவர்கள், "பிறேக் முழுக்கப் புதுசாக்கித் தாறன்" என்று யாராவது சொன்னால் தலையாட்ட முன்னர் இதை வாசியுங்கள்.

எங்களுடையது 1958 மொறிஸ் மைனர் 1000. தொண்ணூறுகளில் பெற்றோல் வராத காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடிய கார், அப்பாவுக்குப் பிறகு கொட்டிலில் கிடந்தது. போன வருடம் அதை ஒரு கராஜில் விட்டேன். ஒரு மாதம் வைத்திருந்து 92,000 ரூபாவுக்கு பில் தந்தார்கள். மாஸ்டர் சிலிண்டர் (பெடலை மிதிக்க ஒயிலைத் தள்ளுவது) ஒன்று, வீல் சிலிண்டர் (அந்த ஒயிலால் சில்லுக்குள் சூவைத் தள்ளுவது) எட்டு, பிறேக் சூ (உள்ளே உரசிச் சில்லை நிறுத்துவது), பிறேக் ஒயில். எல்லாம் கொழும்பு பஞ்சிகாவத்தையில் எடுத்த சாமானாம். காசைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

முதல் வாரமே முன்சில்லுகள் கை வைக்க முடியாதபடி சுட்டன. போய்ச் சொன்னேன். "புதுச் சூ எல்லோ, தேயத் தேயச் சரிவரும்" என்றார் முதலாளி. சரி என்று திரும்பிவிட்டேன். அது என்னுடைய மடைத்தனம்.

பத்தாம் நாள் கொக்குவில் ரயில் கடவையில் கேற் விழுந்தது. மிதித்தால் பெடல் அப்படியே கீழே போய்விட்டது. இந்தக் காரில் நாலு சில்லுக்கும் ஒரே வழியாகத்தான் பிறேக் ஒயில் போகும். ஓரிடத்தில் கசிந்தால் எல்லாமே போச்சு. கைப்பிறேக் கம்பியில் இழுபடுவது என்பதால் தப்பினேன். முன்னால் நின்ற ஓட்டோவுக்கும் எனக்கும் ஒரு முழம் இருந்திருக்கும்.

சுன்னாகத்தில் இந்தக் கார்களோடேயே வயதுபோன ஒரு மெக்கானிக் ஐயா இருக்கிறார். காரைப் பார்க்க முதலே பில்லைப் பார்த்துச் சிரித்தார்.

"தம்பி, இதுக்கு வீல் சிலிண்டரே ஆறுதான். முன்சில்லுக்கு ரெண்டு ரெண்டு, பின்னுக்கு ஒவ்வொண்டு. மிச்ச ரெண்டையும் எங்கை பூட்டினவை?"

பிறகு கழற்றினார். சூ மட்டும் உண்மையாகவே புதிது. வீல் சிலிண்டர்கள் பழையவை. உள்ளே துருக் குழிகள் அப்படியே இருக்க, மண்கடதாசியால் தேய்த்து றபர் மாற்றியிருந்தார்கள். அந்த றபரும் ஊதிப்போய் பிஸ்ரனைத் திரும்ப விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. சில்லு சுட்டதற்குக் காரணம் அதுதான். மாஸ்டர் சிலிண்டரோ சாரதியின் காலடித் தகட்டுக்குக் கீழே, முன்சில்லுக்கு ஸ்பிரிங்காக இருக்கும் டோர்ஷன் பார் என்ற முறுக்குக் கம்பியைத் தள்ளாமல் ஆணி கழற்ற முடியாத இடத்தில் இருக்கிறது. அந்த ஆணிகளில் பழைய கிறீஸும் மண்ணும் கல்லாய் இறுகியிருந்தன. ஒருவரும் தொடவே இல்லை.

றபர் ஏன் ஊதியது என்று கேட்டேன். ஒரு கிளாஸ் தண்ணீரில் எங்கள் பிறேக் ஒயில் டாங்கியில் இருந்த ஒயிலை விட்டுக் காட்டினார். எண்ணெய் மாதிரி மேலே மிதந்தது. டொட் 3, டொட் 4 என்று போத்தலில் போட்டிருக்கும் வழமையான பிறேக் ஒயில் தண்ணீரோடு கலந்துவிடும். விலை குறைவென்று யாரோ வேறு ஒயிலை ஊற்றியிருக்கிறார்கள், அது இந்த றபரைத் தின்றுவிடும். இந்தச் சோதனைக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. கழற்றிய பழைய சாமானையும் கையோடு கேட்டு வாங்குங்கள், நான் கேட்கவில்லை.

பில்லோடு கராஜுக்குப் போனேன். முதலாளி நிதானமாக வாசித்தார். "ஓம், ரெண்டு சிலிண்டர் பிழையா எழுதுப்பட்டிட்டுது" என்று லாச்சியைத் திறந்து 13,000 ரூபாவை எண்ணித் தந்தார். மற்ற ஆறையும் பற்றிக் கேட்டபோது, அவருக்கு போன் வந்துவிட்டது.