பஸ்ஸில் முடிந்த வரலாறும் ஆச்சி வீட்டில் தங்கிவிட்ட நாவலும்

போன தடவை பொருநை நெல்லை புத்தகத் திருவிழாவில் ஐந்து புத்தகம் வாங்கினேன். வருஷம் ஒன்றாகப் போகிறது, முடித்தது மூன்றுதான். டவுன் ஆர்ச்சில் பஸ் ஏறி பாளையங்கோட்டையில் இறங்குவதற்குள் படிப்பதுதான் என் வாசிப்பு. சீட் கிடைத்தால் பத்துப் பக்கம் ஓடும். நின்றுகொண்டு போனால் அதுவும் இல்லை.

நாவல் சீக்கிரம் முடிந்துவிடும், வரலாறுதான் இழுக்கும் என்று நினைத்து வாங்கினேன். நடந்தது தலைகீழ்.

ஆ.இரா. வேங்கடாசலபதியின் ‘திருநெல்வேலி எழுச்சியும் வ.உ.சி.யும் 1908’ இரண்டே வாரத்தில் முடிந்தது. 2024க்கான சாகித்திய அகாதெமி விருது வாங்கிய புத்தகம். கப்பல் விட்டார், செக்கிழுத்தார் என்பதோடு பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு வ.உ.சி. முடிந்துவிடுவார். அவரும் சுப்பிரமணிய சிவாவும் கைதான மறுநாள், 1908 மார்ச் 13, இந்த ஊர் என்ன செய்தது என்று யாரும் சொன்னதில்லை. அரசாங்கக் கட்டடங்கள் எரிந்தன, துப்பாக்கிச் சூட்டில் நாலு பேர் செத்தார்கள். கலவரம் அடங்கிய பிறகு ஊருக்குத் தண்டனையாகக் கூடுதல் போலீஸை, அதாவது தண்டப் போலீஸை, நிறுத்தி, அந்தச் செலவையும் ஊர்க்காரர்கள் தலையிலேயே வரியாகக் கட்டியிருக்கிறார்கள். அதைப் படித்தபோது பஸ் சுலோசன முதலியார் பாலத்தில் ஊர்ந்துகொண்டிருந்தது. 1843இல் திறந்த பாலம், அத்தனையையும் பார்த்திருக்கும் என்று யோசித்துக்கொண்டே இறங்க வேண்டிய ஸ்டாப்பை விட்டுவிட்டேன். ஒன்று சொல்ல வேண்டும், ஆதாரக் குறிப்புகளையெல்லாம் குலுங்குகிற பஸ்ஸில் படிக்க முடியாது. பாதியைத் தாண்டித்தான் போனேன்.

சோ. தர்மனின் ‘சூல்’ முடிக்க ஐந்து மாதம் ஆனது. குறை நாவலில் இல்லை. உருளைக்குடி என்ற கரிசல் கிராமமும் அதன் கண்மாயும்தான் கதை. நான் ஆற்றுப்பாசனக்காரன், எங்களுக்கு நயினார்குளம் மாதிரி எல்லாமே குளம். கண்மாய் என்ற சொல்லே ஆச்சி வாயில் கேட்டதுதான். ஆச்சிக்கு விளாத்திகுளம் பக்கம். ஒரு ஞாயிற்றுக்கிழமை கண்மாய் வேலை வரும் பக்கங்களை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். வெற்றிலையை இடிப்பதை நிறுத்திவிட்டு, “ஏல, இத எழுதுனவன் எந்த ஊர்க்காரன்?” என்றாள். அப்புறம் புத்தகத்தை மூட வைத்துவிட்டு அவளே ஆரம்பித்துவிட்டாள். “கோடையில கம்மா வத்துனா கரம்பைய வண்டி வண்டியா அள்ளி வயல்ல கொட்டுவோம். அதத் தலைக்குத் தேச்சுக் குளிச்சா முடி பட்டாட்டம் கெடக்கும். ஒங்க ஷாம்பெல்லாம் கிட்ட வராது.” அன்றைக்கு வாசித்தது மூன்று பக்கம், கேட்டது ஒன்றரை மணி நேரம். இப்படியே போனால் எப்படி முடியும்? நடுவில் ஆள் கூட்டம் கொஞ்சம் அதிகம்தான். யார் யாருக்கு என்ன முறை என்று எனக்கு இரண்டு தடவை குழம்பியது, ஆச்சிக்கு ஒரு தடவைகூட இல்லை.

மூன்றாவது ஒரு மொழிபெயர்ப்புத் துப்பறியும் நாவல். கொலைகாரன் யார் என்று தெரிவதற்கு முன்பே பைண்டிங் விட்டுப்போய்த் தாள் தாளாகக் கையில் வந்தது. ரப்பர் பேண்ட் போட்டுப் படித்து முடித்தேன். சுமார்.

மிச்சம் இரண்டும் பிரிக்காமல் கிடக்கின்றன. ‘சூல்’ என்னிடம் இல்லை, ஆச்சியின் தலைமாட்டில் இருக்கிறது. அவளுக்கு வாசிக்கத் தெரியாது. பால் ஊற்ற வரும் பையன் பத்தாவது படிக்கிறான், இப்போது அவன் மாட்டிக்கொண்டிருக்கிறான்.