பழைய கமரா மூன்று: நல்லூர்த் தேருக்கு எது, குருநகர் விடியலுக்கு எது?

பொழுதுபோக்காகப் படமெடுக்க ஆசைப்பட்டு, கொஞ்சக் காசோடு பழைய கமரா தேடுபவர்கள் என்னிடம் கேட்கும்போது மூன்று பெயர்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன: நிக்கோன் டி7000, கெனன் 60டி, சோனி ஏ6000. முதல் இரண்டும் 2010 இல் வந்தவை, மூன்றாவது 2014 இல். 2022 இல் இலங்கை ரூபாய் விழுந்த பிறகு புதுக் கமரா பலருக்கு எட்டாத தூரத்துக்குப் போய்விட்டது. இன்னொரு பக்கம், கலியாணப் படமெடுப்பவர்கள் உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கமராக்களுக்கு மாற மாற, அவர்களுடைய பழைய கமராக்கள் விலைக்கு வருகின்றன. ரொறன்ரோவில் அலுமாரிக்குள் கிடந்ததை விடுமுறைக்கு வரும் சித்தப்பா கொண்டுவந்து கொடுப்பதும் உண்டு. மூன்றையும் நான் யாழ்ப்பாணத்து வெயிலிலும் மணலிலும் பாவித்திருக்கிறேன்.

நல்லூர்த் தேரிலிருந்து தொடங்குகிறேன். ஆண்கள் மேல்சட்டை இல்லாமல் நிற்கும் கூட்டம் அது. கமராவின் பட்டி வெறும் தோளில் வியர்வையோடு உரசிக்கொண்டே இருக்கும். டி7000 பற்றரியோடு ஏறத்தாழ 780 கிராம், லென்ஸும் சேர்ந்தால் ஒரு கிலோவை நெருங்கும். 60டியும் கிட்டத்தட்ட அதே கனம். சோனி 344 கிராம்தான். விடியப்புறம் வந்து இடம்பிடித்து, தேர் வீதி சுற்றி இருப்புக்கு வரும்வரை நிற்பவருக்கு இந்த வித்தியாசம் தோளில் தெரியும். ஆனால் தயாரிப்பாளர் கணக்குப்படி சோனியின் பற்றரி ஒரு தடவை சார்ஜுக்கு முந்நூறு சொச்சம் படம். டி7000 க்கு 1050, 60டிக்கு 1100. ஆகவே சோனிக்காரர் மடிக்குள் இரண்டு பற்றரி கூடுதலாகக் கட்டிக்கொண்டு போகவேண்டும். பவர் பாங்கில் செருகி சார்ஜ் செய்யலாம் என்பது அதற்கு ஓர் ஆறுதல், நயினாதீவுக்குப் போகும் நாளில் எனக்கு அது கைகொடுத்திருக்கிறது.

எடையைவிடப் பெரிய விஷயம் வெளிச்சம். காலை எட்டு மணிக்கே இங்கு வானம் வெள்ளையாகிவிடும். தேரின் நிழலில் வடம் பிடிப்பவர்களின் முகம் கறுத்திருக்கும், மேலே தேர்முடி பளபளக்கும். வெளிச்சத்தை வானத்துக்கு அளந்து எடுத்துவிட்டு, பிறகு கணினியில் நிழலை வெளிச்சமாக்கித் தூக்கவேண்டும். டி7000 இன் ரோ கோப்பில் (கமரா திருத்தாமல் அப்படியே பதியும் கோப்பு) முகங்கள் சுத்தமாக எழுந்து வரும், சோனியிலும் அப்படியே. 60டியில் அதே அளவு தூக்கினால் கறுப்புப் பகுதியில் புள்ளியும் வரியும் கிளம்பும். மங்கலான நாட்டில் இருப்பவர்களுக்கு இது பெரிதாகப் படாமல் இருக்கலாம், யாழ்ப்பாணத்தில் இதுவே எனக்கு முதல் கணக்கு.

கெனனை நான் ஒதுக்கவில்லை. அதன் பலம் லென்ஸ். கெனனின் ஈஎஃப் லென்ஸ் எல்லாவற்றிலும் ஃபோக்கஸ் மோட்டார் லென்ஸுக்குள்ளேயே இருக்கிறது, 1987 இலிருந்து அப்படித்தான். எதை மாட்டினாலும் வேலை செய்யும். 50 மிமீ எஃப் 1.8 (எஃப் எண் சிறிதானால் லென்ஸ் கூட வெளிச்சம் வாங்கும்), பிஸ்கட் மாதிரித் தட்டையான 24 மிமீ எஃப் 2.8, தூரத்துக்கு 55-250 எஸ்டிஎம், இந்த மூன்றும் விலைக்கு மிஞ்சிய தரம். தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறைக் கடற்கரையில் பட்டம் எடுக்க 55-250 போதும். திரையை வெளியே இழுத்துத் திருப்பவும் முடியும் என்பதால், மணலில் படுக்காமலே, பட்டத்தை ஏந்திக்கொண்டு ஓடும் பெடியன்களைக் கீழிருந்து எடுக்கலாம். டி7000 இன் திரை அசையாது. நான் படுத்துத்தான் எடுத்தேன்.

நிக்கோன் வாங்குபவர்கள் ஒரு விஷயத்தில் கவனமாக இருக்கவேண்டும். டி7000 இன் உடலுக்குள் ஃபோக்கஸ் மோட்டார் இருக்கிறது, டி3000, டி5000 வரிசைகளில் இல்லை. அந்தச் சின்னக் கமராக்கள் மலிவு என்று வாங்கிவிட்டு, மலிவான பழைய 50 மிமீ எஃப் 1.8டி லென்ஸையும் வாங்கினால் ஃபோக்கஸைக் கையால்தான் திருப்பவேண்டும். டி7000 இல் அது தானாக ஓடும். கையால் திருப்பும் இன்னும் பழைய, ‘ஏஐ’ என்ற வகை நிக்கோன் லென்ஸ்களோடும் அதன் ஒளிமானி வேலை செய்யும்.

சோனியில் கதை வேறு. அதன் சொந்த லென்ஸ்களில் நல்லவை விலை கூடியவை, கூட வரும் 16-50 லென்ஸ் ஓரங்களில் மங்கல். ஆனால் லென்ஸ் மாட்டும் வளையத்துக்கும் படம் பதியும் சென்சருக்கும் இடையே 18 மிமீதான் தூரம், நிக்கோனில் அது 46.5 மிமீ. அந்த இடைவெளியை ஒரு வெறும் வளையத்தால் நிரப்பினால், அலுமாரியில் கிடக்கும் பழைய கையால் திருப்பும் லென்ஸ் எதையும் மாட்டலாம். ஃபோக்கஸ் விழுந்த இடம் திரையில் நிறக்கோடாகத் தெரியும்.

சோனி முழுதாக வெல்லும் இடம் குருநகர், பாசையூர்க் கரைகள். பெரிய கமராவைத் தூக்கினால் மீன் ஏலம் கூறுபவர் நிமிர்ந்து பார்ப்பார். “தம்பி, எந்தப் பேப்பர்?” என்ற கேள்வி வரும். அதற்குப் பிறகு எல்லாரும் படத்துக்கு நிற்பார்கள், அல்லது முகத்தைத் திருப்புவார்கள். பெரிய கமராவுக்கு முன்னால் நம் சனம் இறுகிப்போவதற்குக் காரணங்கள் உண்டு, அதை மதிக்கவேண்டும். சின்னக் கமராவைக் கழுத்தில் போட்டு, பிளேன்ரீ குடித்து, கதைத்து, கேட்டுவிட்டு எடுத்தால் முகங்கள் இயல்பாக இருக்கின்றன. வல்லிபுரத்து மணலுக்கு மட்டும் சோனியைக் கொண்டுபோய் லென்ஸ் மாற்றாதீர்கள், கழற்றியதும் சென்சர் அப்படியே வெளியே தெரியும். டி7000 க்குத் தூசு, தூறல் புகாமல் ரப்பர் அடைப்பு இருக்கிறது.

எதை வாங்கினாலும் கையில் எடுத்துப் பார்த்துத்தான் வாங்கவேண்டும். என் முதல் 50 மிமீ லென்ஸை ஒருவருடைய விறாந்தையில் பின்னேர வெளிச்சத்தில் பார்த்தேன், கண்ணாடி தெளிவாக இருந்தது. வீட்டில் வந்து பின்பக்கமாக ரோச் அடித்தபோது, விளிம்பிலிருந்து நடுவை நோக்கி வெள்ளை நூல் நூலாக, சிலந்தி வலை போல, பூஞ்சணம் படர்ந்திருந்தது. இப்போது தொலைபேசியின் லைற்றை லென்ஸுக்குள் சாய்வாக அடித்துப் பார்க்காமல் காசை எடுப்பதில்லை. பிறகு லென்ஸின் துளையைச் சின்னதாக்கி எஃப் 16 இல் வெறும் வானத்தை ஒரு படம் எடுங்கள், சென்சரில் தூசு இருந்தால் கறுப்புப் புள்ளியாக விழும். நிக்கோனில் சட்டர் (ஒளியை உள்ளே விடும் கதவு) எத்தனை தரம் அடித்திருக்கிறது என்ற எண் படக்கோப்பிலேயே இருக்கும். டி7000 இன் சட்டரை 150,000 வரை சோதித்திருக்கிறார்கள், கலியாணக் கமரா அதைத் தொட்டிருந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள். 60டி அந்த எண்ணைப் படத்தில் எழுதாது, கேபிளும் மென்பொருளும் வேண்டும். பெருவிரல் ரப்பர் உப்பிக் கழன்றிருந்தால் பயப்படவேண்டாம், அது ஒட்டுகிற வேலைதான்.

எனக்கு ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் டி7000, ஒரு 35 மிமீ எஃப் 1.8 லென்ஸோடு. கனம் என்று வீட்டில் வைத்துவிட்டுப் போகிற ஆள் என்றால் சோனி. வீடியோவும் எடுக்கவேண்டும், தூரத்து லென்ஸும் மலிவாக வேண்டும் என்பவருக்கு 60டி.

மாரி தொடங்கமுதல் இறுக்கி மூடும் பிளாஸ்ரிக் பெட்டி ஒன்றும் சிலிக்கா ஜெல்லும் வாங்கிவிடுங்கள். செம்மஞ்சள் மணிகள் பச்சையானால் ஈரம் குடித்துவிட்டன என்று அர்த்தம், சமையலுக்கு எடுக்காத பழைய சட்டி ஒன்றில் சூடாக்கினால் மறுபடி செம்மஞ்சளாகும். கமராவின் தோல் பையை மட்டும் அந்தப் பெட்டிக்குள் வைக்காதீர்கள், பூஞ்சணம் முதலில் பிடிப்பது அதில்தான்.