185,000 ரூபா போன கதை: லைவ் எட்ஜ் மேசை செய்விக்கப் போகிறவர்கள் ஒருக்கால் வாசியுங்கோ

நேற்றுப் பின்னேரம் அந்தக் கடையில் இருந்து வந்த சூட்டோடு எழுதுகிறேன். எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். 185,000 ரூபா. அண்ணா கனடாவில் இரவு வேலை செய்து அனுப்பின காசு. அது போய்விட்டது என்று நேற்றைக்குத்தான் எனக்கு முழுசாக விளங்கியது.

கடையின் பெயரை எழுதவில்லை. எழுதினால் வழக்குப் போடுவோம் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்கள். யாழ்ப்பாணத்தில் முன்பக்கம் கண்ணாடி ஷோரூம், பின்பக்கம் தகரக் கொட்டிலில் பட்டறை, முகநூலில் நாதஸ்வர இசையோடு வீடியோ என்று நடக்கிற தளபாடக் கடைகள் இருக்கிறதுதானே, அதில் ஒன்று. ஊகித்து வேறு யாரையும் திட்டவேண்டாம்.

லைவ் எட்ஜ் என்றால் தெரியாதவர்களுக்கு: பலகையின் விளிம்பை நேராக வெட்டாமல், மரம் எப்படி வளைந்து நெளிந்து வளர்ந்ததோ அப்படியே விட்டு மேசையாக்குவது. நாலு பலகையை ஒட்டுவதில்லை, ஒரே அகலப் பலகை. கீழே இரும்புக் கால். ஆறடி நீளம், மூன்றடி அகலத்தில் சாப்பாட்டு மேசை ஒன்று வேண்டும் என்பது அண்ணாவின் ஆசை. நல்லூர்த் திருவிழாவுக்குக் குடும்பத்தோடு வரும்போது எல்லாரும் ஒன்றாக இருந்து சாப்பிடவேண்டுமாம்.

டிசம்பர் நடுப்பகுதி. நல்ல மழை. அம்மாவையும் கூட்டிக்கொண்டு ஆட்டோவில் போனேன். அங்கே நின்றவர் முப்பத்தைந்து வயது மதிக்கலாம், நெற்றியில் திருநீறு, வாய் நிறைய அக்கா, அம்மா. பின்பக்கம் கூட்டிப்போய்ச் சுவரோடு சாத்தியிருந்த பலகைகளைக் காட்டினார். அதில் ஒன்றில் அம்மாவின் கண் விழுந்தது. ஒரு பக்க விளிம்பு கொஞ்சம் உள்வாங்கி, கதிரையை இழுத்துப்போட்டு ஆள் ஒருவர் இருக்கத் தோதான வளைவு. பக்கத்திலே சோகி அளவில் கறுப்பாய் ஒரு கணு. அம்மா கையால் தடவிப் பார்த்து, "இது என்ர இடம்" என்றா. அவர் உடனே தண்ணீர்ப் போத்தலை எடுத்து, உள்ளங்கையில் ஊற்றி, கணுவைச் சுற்றித் தேய்த்தார். மங்கலாக இருந்த பலகை தேன் நிறத்துக்கு மாறி ரேகை ரேகையாய் எழும்பியது. "பொலிஷ் அடிச்சா இதுதான் அம்மா நிறம். முதிரை. உங்கட பேரப்பிள்ளையளின்ர காலத்திலயும் கிடக்கும்."

காய்ந்த மரமோ என்று கேட்டேன். கேட்கத் தெரிந்த ஒரே கேள்வி அதுதான். "மூண்டு வருசம் காய்ஞ்சது அக்கா" என்றவர் பொக்கற்றில் இருந்து ஈரம் பார்க்கிற மீற்றரை எடுத்தார். இரண்டு ஊசி வைத்த சின்னக் கருவி. குத்தினார், ஈரம் 11 சதவீதம் என்று காட்டியது. நானும் தலையாட்டினேன். அவர் குத்தியது எங்கள் பலகையில் இல்லை, பக்கத்து மேசையில் கிடந்த மாதிரித் துண்டில் என்பது எனக்கு அப்போதே தெரிந்திருக்கவேண்டும். தெரிந்தும் ஏன் கேட்கவில்லை என்று இப்போது இரவில் யோசிக்கிறேன். அவர் அடுத்ததாகச் செய்த வேலைதான் காரணம். வெண்கட்டியை எடுத்து அந்தக் கணுவுக்குப் பக்கத்தில் அம்மாவின் பெயரைப் பெரிதாக எழுதினார். "இனி இதில ஒருத்தரும் கை வைக்கேலாது அம்மா." அம்மா சிரித்த சிரிப்பில் நான் அந்த இடத்திலேயே 100,000 ரூபா எண்ணிக் கொடுத்துவிட்டேன்.

பற்றுச்சீட்டில் என்ன எழுதினார்கள் தெரியுமா? "மேசை 1. ரூ. 185,000. அட்வான்ஸ் ரூ. 100,000." அவ்வளவுதான். முதிரை என்றும் இல்லை, ஆறடி என்றும் இல்லை, இரண்டு அங்குலத் தடிப்பு என்றும் இல்லை. நான் அதை மடித்துக் கைப்பைக்குள் வைத்தேன்.

தைப்பொங்கலுக்கு மேசை என்றார்கள். பொங்கல் போய், மிச்சம் 85,000 கட்டினால்தான் பொலிஷ் வேலை தொடங்கலாம் என்று போன் வந்தது. கட்டினேன். பிப்ரவரி 9 ஆம் தேதி பட்டா வாகனத்தில் வந்து இறங்கியது. நாலு பேர் தூக்க முடியாமல் தூக்கினார்கள். "முதிரை எண்டா பாரம்தானே அக்கா" என்றான் ஒரு பெடியன். அம்மா மேசையை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, "என்ர வளைவு எங்க?" என்று கேட்டா. சீவும்போது விளிம்பு கொஞ்சம் போயிருக்குமாம். கணு? அதுவும் கீழ்ப்பக்கம் போயிருக்குமாம். வந்தவர்களுக்குத் தேத்தண்ணி கொடுத்து அனுப்பினோம்.

இரண்டு மூன்று கிழமையில் மேசைக்குக் கீழே வெள்ளைத் தூள். விடிய எழும்பிப் பார்த்தால் விளிம்புக்கு நேரே நிலத்தில் விரல்நுனி அளவில் ஒரு குவியல், தொட்டால் மா மாதிரி. புட்டுக்கு மா அரிக்கும்போது சிந்தியது என்று அம்மா கூட்டித் தள்ளிவிட்டா. அடுத்த நாள் புட்டு அவிக்கவில்லை. தூள் இருந்தது. டோர்ச் அடித்துப் பார்த்தால் விளிம்பின் வெளிர்ப் பகுதி முழுக்க ஊசி குத்தினது போல ஓட்டைகள்.

மார்ச் கடைசியில், பங்குனி வெயில் கொதிக்கிற ஒரு மத்தியானம், பக்கத்து அறையில் படுத்திருந்த எனக்குத் தேங்காய் உடைத்தது போலச் சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் மேசையின் ஒரு முனையில் இருந்து நடுவை நோக்கி முக்கால் அடி நீளத்துக்கு வெடிப்பு. இப்போது அது இரண்டேகால் அடி. சோளகக் காற்று அடிக்கத் தொடங்கிய பிறகு வெடிப்புக்குள் ஐந்து ரூபாக் குற்றியைச் செருகலாம். பலகை நடுவில் குழிந்து, தண்ணீர்க் கோப்பை வைத்தால் ஆடுகிறது.

இனித்தான் கூத்து. முதல் போனுக்கு, "படம் அனுப்புங்கோ அக்கா." அனுப்பினேன். வட்ஸ்அப்பில் இரண்டு நீலச் சரி, பதில் இல்லை. நாலாம் நாள், "அது மரத்தின்ர இயல்பு. லைவ் எண்டாலே உயிரோட இருக்கெண்டுதானே அர்த்தம்." இதைக் கேட்டு எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. பிறகு, வீட்டில் ஏசி போட்டனீங்களோ என்று கேட்டார்கள். எங்கள் வீட்டில் இருப்பது ஒரு பழைய சீலிங் ஃபேன். அப்படியென்றால் ஃபேன் காற்றுத்தானாம். பிறகு பாஸ் கொழும்புக்குப் போனார். பாஸ் வந்ததும் பாஸின் மாமனார் ஆஸ்பத்திரியில். சித்திரைப் புத்தாண்டுக்கு இரண்டு நாள் இருக்க ஒரு பெடியன் வந்து, மரத்தூளையும் பசையையும் குழைத்து வெடிப்புக்குள் அப்பி, கறுப்பு மெழுகு பூசிவிட்டுப் போனான். ஒன்பதாம் நாள் பசை தனியாகக் கழன்று நின்றது. அவர்களுடைய முகநூல் வீடியோவுக்குக் கீழே இரண்டு வரி எழுதினேன். அரைமணித்தியாலத்தில் அது அழிந்தது, நானும் உள்ளே போகமுடியாமல் போயிற்று.

எங்கள் ஒழுங்கை முனையில் இருக்கிற வயதான ஓடாவியாரைக் கூட்டிவந்து காட்டினேன். மனிசன் மேசையைத் தட்டிக்கூடப் பார்க்கவில்லை, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப்போட்டு முதல் கேட்ட கேள்வி, "பிள்ளை, முதிரையில மூண்டடி அகலப் பலகையை நீர் எங்கையாவது கண்டிருக்கிறீரோ?" முதிரை அவ்வளவு பருக்கிற மரம் இல்லை. வீதியோரத்தில் குடை மாதிரி விரிந்து நிற்கிற நிழல்வாகைதான் இவ்வளவு அகலம் தரும், நிறம் பூசி விற்றிருக்கிறார்கள் என்றார். நிழல்வாகை கெட்ட மரமில்லை. லைவ் எட்ஜ் மேசைக்கு வெளிநாடுகளிலும் நிறைய எடுக்கிற மரம் அது, ஒழுங்காகக் காயவைத்தால் அவ்வளவாக வளையாது என்றும் அவரே சொன்னார். ஆனால் முதிரையின் பாரத்தில் பாதியை விடக் கொஞ்சம்தான் கூட இருக்குமாம். அப்ப நாலு பேர் தூக்கின பாரம்? "அது தண்ணிப் பாரம் பிள்ளை."

பெறாமகன் தொழில்நுட்பக் கல்லூரியில் படிக்கிறவன், ஒரு மீற்றரை இரவல் வாங்கி வந்தான். மேசையின் அடிப்பக்கத்தில் குத்தினால் 22. வீட்டுக்குள் மூன்று மாதம் கிடந்த பிறகும் 22. எங்கள் பக்கத்துக் காற்றுக்கு வீட்டுத் தளபாட மரம் 12, 14 அளவில் நிற்கவேண்டும். சும்மா காற்றில் காயவைப்பதென்றால் ஓர் அங்குலத் தடிப்புக்கு ஒரு வருடம் என்பது பழைய கணக்கு. இரண்டு அங்குலப் பலகைக்கு இரண்டு வருடம். இது மாரிக்கு முன் அரிந்த பச்சை மரமாக இருக்கும் என்பது ஓடாவியாரின் கணிப்பு.

பிறகு நிலத்தில் படுத்துக் கீழே காட்டினார். மரம் காயும்போது நீளத்தில் சுருங்குவது இல்லையென்றே சொல்லலாம், அகலத்தில்தான் சுருங்கும். அதனால் இரும்புக் காலில் திருகாணிக்கு நீண்ட துளை விடவேண்டும், பலகை சுருங்கும்போது திருகாணியும் சேர்ந்து நகரும். இவர்கள் வட்டத் துளையில் எட்டுத் திருகாணியை இறுக்கிப் பூட்டியிருக்கிறார்கள். இரண்டு பக்கமும் பிடித்துவைத்தால் பலகை எங்கே போகும், நடுவில்தான் பிளக்கும். அதோடு மரத்தின் நடுப்புள்ளியும் இந்தப் பலகைக்குள்ளேயே இருக்கிறது. முனையைப் பார்த்தால் வளையங்கள் அதைச் சுற்றி ஓடுவது தெரியும். வெடிப்பு அங்கேதான் தொடங்கியிருக்கிறது.

தூளுக்கும் காரணம் சொன்னார். உளு, அதாவது மரத்தைத் துளைக்கிற பூச்சி, வைரம் பாய்ந்த நடுப்பகுதியைத் தொடாது, பட்டையோர வெள்ளையைத்தான் தின்னும். சாதாரண மேசைக்கு வெள்ளையை அரிந்து எறிவார்கள். லைவ் எட்ஜ் என்றால் அழகே அந்த வெள்ளையில்தான், அதனால் விடுகிறார்கள். விடுகிறவர்கள் போராக்ஸ், போரிக் அமிலக் கரைசலாவது ஊறவிட்டிருக்கவேண்டும். "இவங்கள் தண்ணியும் காட்டேல்ல" என்றார். காட்டினார்கள் ஐயா, அம்மாவின் கண்ணுக்கு முன்னால் உள்ளங்கையில் ஊற்றிக் காட்டினார்கள்.

நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபை இருக்கிறது, 1977 க்கு அழைக்கலாம் என்பது எனக்குத் தெரியும். கடைக்காரர் செய்து தருவார், ஏன் சண்டை என்று இருந்துவிட்டேன். போன கிழமைதான் விசாரித்தேன். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டப்படி, உத்தரவாதத்துக்கு மாறான பொருள் என்றால் பொருள் விற்கப்பட்டு மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறையிடவேண்டும். மேசை வந்த பிப்ரவரி 9 இல் இருந்து என்றாலும் எண்ணிப் பாருங்கள். கொழும்பும் மாமனாரும் ஆஸ்பத்திரியும் பசையும் மே 9 ஐத் தாண்ட வைத்துவிட்டன. இனி மத்தியஸ்த சபைதான் மிச்சம். அதற்கும் என்னிடம் இருப்பது "மேசை 1" என்ற துண்டு.

அதனால்தான் நேற்று நேரில் போனேன். காசைத் திருப்பித் தாருங்கள், இல்லையென்றால் பலகையை மாற்றுங்கள் என்றேன். திருநீற்றுக்காரர் இந்தமுறை அக்கா என்று சொல்லவில்லை. "மேடம், நீங்க பார்த்து எடுத்த பலகைதானே." சரி, என்னதான் செய்வது என்று பின்பக்கத்தால் வெளியே வந்தேன். சுவரோடு அந்தப் பலகை நின்றது. அம்மாவின் வளைவு. சோகி அளவுக் கணு. வெண்கட்டி எழுத்தை ஈரத்துணியால் துடைத்திருக்கிறார்கள், ஆனால் பட்டையோரப் பள்ளத்துக்குள் அம்மாவின் பெயரின் கடைசி எழுத்து வெள்ளையாய் ஒட்டிக்கொண்டிருந்தது. அதற்கு மேல் வேறொருவரின் பெயர். போனை எடுத்துப் படம் எடுக்கப் போனேன், பின்பக்கம் வாடிக்கையாளருக்குத் தடை என்று கையைக் குறுக்கே நீட்டினார்கள். டிசம்பரில் அதே பின்பக்கத்துக்கு அம்மாவின் கையைப் பிடித்துக் கூட்டிப்போனவர்கள்.

எப்படித் தெரிவுசெய்வது என்று விவரமாக எழுதத்தான் தொடங்கினேன். இப்போது தலை வேலை செய்யவில்லை. அவசரத்துக்கு இவ்வளவும்: மீற்றரை நீங்கள் எடுக்கப்போகும் பலகையிலேயே, நடுவிலும் அடியிலும், உங்கள் கையால் குத்துங்கள். பலகையின் இரண்டு பக்கமும் இரண்டு முனையும் அளவு நாடாவோடு சேர்த்துப் படம் எடுங்கள். மரத்தின் பெயர், நீளம், அகலம், தடிப்பு, வெடித்தால் என்ன செய்வார்கள் என்பதெல்லாம் பற்றுச்சீட்டில் எழுதாமல் ஒரு சதமும் கொடுக்காதீர்கள். மிச்சக் காசு மேசை வீட்டுக்கு வந்து, படத்தோடு ஒப்பிட்ட பிறகு. முடிந்தால் மரக்காலையில் பலகையை நீங்களே வாங்கி, தெரிந்த ஓடாவியிடம் கொடுங்கள். மூன்று மாதக் கணக்கை மறக்காதீர்கள். நான் மறந்த விலை 185,000.

இந்தக் கிழமையோ போன கிழமையோ யாழ்ப்பாணத்தில் ஒரு கடையின் பின்பக்கத்தில், விளிம்பில் வளைவும் பக்கத்தில் கறுப்புக் கணுவும் உள்ள பலகையைப் பார்த்து, அதில் வெண்கட்டியால் பெயர் எழுதுவித்துவிட்டு வந்தவர் யாராவது இதை வாசித்தால், மிச்சக் காசைக் கட்டமுதல் எனக்கு உள்பெட்டியில் ஒரு தகவல் போடுங்கள். இரவு எத்தனை மணியானாலும் பரவாயில்லை.