ஒரே குத்து, ஐந்து குப்பி ரத்தம்

எங்கள் பையனுக்கு 9 வயது. சமையலறைக் கதவு நிலையில் அவன் உயரத்தைப் பென்சிலால் குறித்து வைப்போம். போன தீபாவளிக் கோட்டுக்கும் இந்தத் தீபாவளிக் கோட்டுக்கும் நடுவே இரண்டு விரற்கடைதான். டேப் வைத்தால் மூன்றரை சென்டிமீட்டர். இந்த வயதில் வருடத்துக்கு 5 சென்டிமீட்டராவது வளர வேண்டும் என்றார் டாக்டர். தைராய்டு, எலும்பு வளர்ச்சி பார்க்க இடது கை எக்ஸ்ரே, வளர்ச்சி ஹார்மோனின் தூண்டலில் உடம்பில் உண்டாகும் ஐஜிஎஃப்-1 எல்லாம் பார்த்துவிட்டு, க்ளோனிடின் மாத்திரை கொடுத்துச் சுரக்க வைத்து அளக்கும் வளர்ச்சி ஹார்மோன் (ஜிஹெச்) சோதனைக்கு எழுதிக் கொடுத்தார்.

மதுரையில் நாங்கள் போன லேபின் பெயர் வேண்டாம். கவுண்டரில் சீட்டைப் பாதிதான் படித்தார்கள். "ஜிஹெச் தானே சார், இப்பவே ரத்தம் கொடுத்துட்டுப் போயிடலாம்." டாக்டர் முன்பே எச்சரித்திருக்காவிட்டால் பணத்தைக் கட்டியிருப்பேன். இந்த ஹார்மோன் விட்டுவிட்டுச் சுரப்பது. அதிகமாகச் சுரப்பது ராத்திரி, ஆழ்ந்த தூக்கத்தில். பகலில் ஒரு தடவை எடுத்துப் பார்த்தால் நன்றாக வளர்கிற பிள்ளைக்கும் பூஜ்யத்தை ஒட்டிக் காட்டலாம். நான் விடாமல் நின்றதில் அரை மணி நேரம் கழித்து மாடிக்குப் போன் போட்டு, மறுநாள் காலை வெறும் வயிற்றோடு வரச் சொன்னார்கள்.

மாடியில் இருந்த சிஸ்டர் வேறு ரகம். செருப்பைக் கழற்றச் சொல்லி உயரத்தை இரண்டு தடவை அளந்தார். மாத்திரையின் அளவு அதையும் எடையையும் வைத்துத்தானாம். கையில் ஒரே குத்து, ஊசிக்குழாயைப் பிளாஸ்திரி போட்டு ஒட்டிவிட்டார். மாத்திரைக்கு முன் ஒரு குப்பி, அப்புறம் அரை மணிக்கு ஒன்றாக நான்கு. செல்போனில் அலாரம் வைத்திருந்தார், ஒரு நிமிஷம் பிசகவில்லை. ஒவ்வொரு தடவையும் பிபி பார்த்தார். இந்த மாத்திரை ரத்த அழுத்தத்தைக் குறைக்கும், தூக்கம் வரும். மூன்றாவது குப்பி எடுக்கும்போது பையன் குறட்டையே விட்டான். பாத்ரூம் போக வேண்டும் என்று எழுந்தவனை நடக்க விடாமல் சக்கர நாற்காலியில் கூட்டிப் போனார். முடிந்ததும் உப்புப் போட்ட மோரும் இட்லியும் கொடுத்து, பிபி ஏறிய பிறகுதான் அனுப்பினார். ஏசி குளிர் மட்டும் தாங்கவில்லை. போர்வை எடுத்துப் போங்கள். கூட வருபவருக்கு ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல்தான்.

ரிப்போர்ட்டில் மறுபடி சொதப்பல். ஐந்து எண்களுக்கும் பக்கத்தில் பெரியவர்களுக்கான அளவை அச்சடித்திருந்தார்கள். எங்கள் உச்ச அளவு 6.1. அதைப் பார்த்த கவுண்டர்காரர் "கம்மி சார், ஹார்மோன் ஊசி போடணும்" என்று தீர்ப்பே சொல்லிவிட்டார். வீட்டில் இரண்டு நாள் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. டாக்டர் நிதானமாகச் சொன்னார்: 10-க்குக் கீழே குறைவு என்பது பழைய கணக்கு, இப்போது பலர் 7 என்று வைக்கிறார்கள், எப்படியும் ஒரு சோதனையை வைத்து முடிவு கட்டக்கூடாது, வேறு மருந்து கொடுத்து இன்னொன்று பார்க்க வேண்டும்.

அடுத்தது குளுகாகன் ஊசி போட்டுச் செய்யும் சோதனை. வாந்தி வரலாமாம். அதற்கும் இதே லேப்தான், அந்த சிஸ்டருக்கு எந்தெந்த நாள் டியூட்டி என்று கேட்டு வைத்திருக்கிறேன்.