ஆர்மேச்சர் சுத்தக் கொடுத்தா பழைய கம்பியைக் கேட்டு வாங்குங்க

அப்பா விட்டுப்போன மொரிஸ் மைனர் கார் ஒன்று கொட்டகலையில் எங்கள் வீட்டில் நிற்கிறது. 1959, பழைய ஸ்ரீ நம்பர் பிளேட். போன ஆவணியில் தலவாக்கலைக்குப் போய்வரும்போது பெட்டரிக்கு சார்ஜ் ஏறவில்லை என்று காட்டும் சார்ஜ் லைட் சிவப்பாகவே எரிந்துகொண்டிருந்தது. பெல்ட் சரி. பெட்டரிக்கு மின்சாரம் கொடுக்கும் டைனமோவைக் கழற்றி ஹட்டன் டவுனில் கம்பி சுற்றும் ஒரு வயின்டிங் கடைக்குக் கொண்டுபோனேன். கடைப் பெயரை எழுதவில்லை. வக்கீல் கடிதம் வந்தால் பதில் போட எனக்கு வசதியில்லை.

கடை பாஸ், டைனமோவுக்குள் சுழலும் கம்பி சுற்றிய ஆர்மேச்சரை வெளியே எடுத்து, அதன் ஒரு நுனியில் வளையமாக இருக்கும் கொமியூட்டேட்டரின் செம்புக் கட்டைகள் இரண்டில் மீற்றர் முனைகளை வைத்தார். பீப் என்றது. வேறு இரண்டில் வைத்தார். அங்கேயும் பீப். "பாத்தீங்களா தம்பி, உள்ளுக்க எல்லாம் ஒன்னோட ஒன்னு ஒட்டிருச்சு. முழுசா சுத்தணும்." 18,500 ரூபா. சரி என்றேன்.

ஒன்பது நாள் கழித்துப் போனேன். ஆர்மேச்சர் புது வாணிஷில் மின்னியது. எனக்குக் காட்ட வேண்டுமென்று அதே மீற்றரை எடுத்து அதே கட்டைகளில் வைத்தார். பீப். "இப்ப பாருங்க, எல்லாக் கட்டைக்கும் கரண்ட் போகுது!" அன்றைக்கு நோயைக் காட்டிய பீப் இன்றைக்கு சுகத்தைக் காட்டியது. நானும் தலையாட்டிவிட்டுக் காசைக் கொடுத்தேன். இதை எழுதும்போதுகூட வெட்கமாகத்தான் இருக்கிறது.

பன்னிரண்டு நாள் நன்றாக ஓடியது. பதின்மூன்றாவது நாள் ராத்திரி நுவரெலியாவிலிருந்து வரும்போது, நானுஓயா தாண்டி நல்ல மழை, மூட்டம். ஹெட்லைட் மஞ்சளாகி, பிறகு செம்மண் நிறமாகி, வைப்பர் பாதிக் கண்ணாடியில் நின்றுவிட்டது. பின்னால் வந்த லொறிக்காரர் ஒருவர் வெளிச்சம் காட்டிக் கூட வந்ததால் வீடு சேர்ந்தேன்.

டிக்கோயாவில் மாமா இருக்கிறார். தேயிலை ஃபெக்டரியில் எலெக்ட்ரீஷியனாக இருந்து பென்ஷன் வாங்கியவர். காரில் வைத்தே முதலில் பார்த்தார். டைனமோவில் டி, எஃப் என்று இருக்கும் இரண்டு முனைகளின் வயரையும் கழற்றி, டைனமோவின் அந்த இரண்டு முனையையும் ஒரு துண்டுக் கம்பியால் சேர்த்து, அங்கிருந்து காரின் பொடி இரும்புக்கு வோல்ட் மீற்றர். எஞ்சினை மெதுவாக ஏற்றச் சொன்னார். "நல்ல டைனமோன்னா சடசடன்னு ஏறும், இருவதைத் தாண்ட விடாத. ஒரு வோல்ட்டுக்குள்ள நின்னா வெளிக்கூட்டுல சுத்தின ஃபீல்ட் கொயிலு பழுது. நாலு அஞ்சுல நின்னா ஆர்மேச்சரு." முள் நாலரையில் நின்றது.

பிரித்தோம். மாமா கொமியூட்டேட்டர் பக்கம் கம்பி வந்து சேரும் இடத்தைக் காட்டினார். புதிதாகச் சுற்றியிருந்தால் ஒவ்வொரு முனையையும் புதிதாக ஈயம் வைத்துப் பற்றியிருக்க வேண்டும். புது ஈயம் வெள்ளையாக மினுங்கும். இங்கே வாணிஷுக்குக் கீழே பழைய சாம்பல் நிற ஈயம். நகத்தால் சுரண்டினார். வாணிஷ் தோல் மாதிரி உரிந்தது, அடியில் பிரஷ் (கொமியூட்டேட்டரில் உரசும் கரித்துண்டு) தேய்ந்த கரித்தூள், எண்ணெய்ப் பிசுக்கு, அதற்கும் அடியில் தொழிற்சாலையில் கட்டிய பழைய நூல். அப்படியே இருந்தது. ஒரு சுற்றுகூடக் கழற்றவில்லை.

மாமாவிடம் பழைய டிரான்ஸ்போமர் இரும்பை வெட்டிச் செய்த குரோலர் ஒன்று உண்டு, ஆர்மேச்சரைச் சோதிக்கிற மின்காந்தம். ஆர்மேச்சரை அதன் மடியில் வைத்த பிறகுதான் சுவிச்சைப் போடுவார். வெறுமனே போட்டால் அதன் கொயில் சூடேறிவிடும். மேலே ஒரு ஹெக்சோ பிளேடைப் பிடித்துக்கொண்டு ஆர்மேச்சரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினார். இரண்டு இடத்தில் பிளேடு கிர்ரென்று துடித்து இரும்பில் ஒட்டியது. அங்கேதான் சோர்ட், கம்பிச் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிய இடம். மீற்றர் பீப்பால் இது ஒருநாளும் தெரியாது, ஏனென்றால் நல்ல ஆர்மேச்சரிலும் எல்லாக் கட்டையும் தடித்த கம்பியால் ஒன்றோடொன்று தொடுத்துத்தான் இருக்கும். எதில் வைத்தாலும் பீப்தான். தண்டில் ஒரு முனை, கட்டையில் ஒரு முனை வைத்துப் பீப் வந்தால் மட்டும் பயப்படலாம்.

பிறகு மாமா சொன்னதுதான் வயிற்றெரிச்சல். தண்டைத் தாங்கும் பின்பக்க புஷ் தேய்ந்து தண்டு ஆடுகிறது. ஆர்மேச்சர் இரும்பில் புது வாணிஷைக் கிழித்துக்கொண்டு உரசிய கோடுகள். "அன்னிக்கு பிரஷ் மட்டும்தான் போயிருக்கும் மருமவனே. புது பிரஷ் போட்டான், லைட் அணைஞ்சிருச்சு. புஷ்ஷ மாத்தல. உரசி, சூடேறி, இப்பதான் நெசமாவே எரிஞ்சிருக்கு." புஷ் ஒன்று எவ்வளவு? எஞ்சின் எண்ணெயில் ஒருநாள் ஊறவைத்துப் போட வேண்டிய சின்ன வெண்கலக் குழாய், அவ்வளவுதான்.

கண்டியில் வேறோர் இடத்தில் கொடுத்து இப்போது சுற்றி எடுத்துவிட்டேன். கட்டைகளுக்கு நடுவிலுள்ள, கரண்ட் கடத்தாத மைக்காவை ஒரு மில்லிமீற்றருக்குச் சற்றுக் குறைவாகக் கீழே வெட்டி, என் கண் முன்னாலேயே குரோலரில் வைத்துக் காட்டினார்கள். கேட்காமலேயே கழற்றிய கம்பியை ஒரு சொப்பிங் பேக்கில் போட்டுத் தந்தார்கள், கருகின வாடையோடு.

அந்தப் பேக்கைப் பார்த்த பிறகுதான் ஹட்டன் கடைக்குப் போன் எடுத்து என் பழைய கம்பி எங்கே என்று கேட்டேன். "அதெல்லாம் கிலோ கணக்குல வித்திருவோம் தம்பி." விற்கிறதற்கு என் ஆர்மேச்சரிலிருந்து எதைக் கழற்றினீர்கள் என்று கேட்டதும் லைன் கட்டாகிவிட்டது. அதற்குப் பிறகு நாலு முறை எடுத்தேன். ஒவ்வொரு முறையும் ஒரு பையன்தான் பேசுகிறான்: பாஸ் சாமான் எடுக்க கொழும்புக்குப் போயிருக்காராம்.