கேமரா ஓடும், பதிவு இருக்காது: ஹார்ட் டிஸ்க்கில் நடக்கும் மோசடி

வீட்டில் சிசிடிவி வைத்திருப்பவர்கள் இன்றைக்கே ஒரு வேலை செய்யுங்கள். செல்போனில் லைவ் தெரிகிறதே என்று விட்டுவிடாதீர்கள். பிளேபேக் போய், போன வாரத்தில் ஏதாவது ஒரு நாள் ராத்திரி இரண்டு மணிக்கு என்ன பதிவாகியிருக்கிறது என்று ஓட்டிப் பாருங்கள்.

திருச்சியில் எங்கள் வீட்டில் நான்கு கேமரா, ஒரு டிவிஆர் (கேமரா படத்தைப் பதிவு செய்யும் பெட்டி), அதற்குள் 1 டிபி ஹார்ட் டிஸ்க். போட்டு ஒரு வருஷம்கூட ஆகவில்லை. கல்யாணத்துக்காகக் குடும்பத்தோடு கும்பகோணம் போயிருந்த ராத்திரி, பின்கதவை நெம்பி உள்ளே புகுந்து பீரோவை உடைத்திருக்கிறார்கள். அம்மாவின் ரெட்டை வடச் சங்கிலியும் பூஜை அறை வெள்ளிச் சாமான்களும் போயின. டிவிஆரைத் தொடவில்லை. ஆள் முகமாவது சிக்கியிருக்கும் என்று நம்பினோம். கிரைம் போலீஸார் வந்ததும் கேட்டது, "ஃபுட்டேஜ் எடுங்க சார்." எடுத்தால் ஒன்றுமே இல்லை. அந்த ராத்திரி மட்டுமல்ல, மாதக்கணக்கில் ஒரு நிமிஷம்கூடப் பதிவாகவில்லை.

லைவ் படம் ஓட ஹார்ட் டிஸ்க் தேவையில்லை. டிஸ்க் செத்துக் கிடந்தாலும் டிவியிலும் போனிலும் படம் பளிச்சென்று வந்துகொண்டேதான் இருக்கும். இது பலருக்குத் தெரியாது. பழைய டிஸ்க்கைப் புதுசு என்று மாட்டிவிடும் மோசடி நடப்பதே இதை வைத்துத்தான். பெரும்பாலான டிவிஆர்களில் டிஸ்க் கெட்டுப்போனால் பீப் சத்தம் போட்டு எச்சரிக்கும் வசதி உண்டு. பொருத்தியவரிடம் விடாமல் கேட்டு அட்மின் பாஸ்வேர்டை வாங்கி உள்ளே போய்ப் பார்த்தபோது, எங்களுடையதில் அந்தச் சத்தத்தை அணைத்து வைத்திருந்தார்கள். அதுவரை அந்தப் பாஸ்வேர்டு அவரைத் தவிர யாரிடமும் இல்லை.

வேறொரு டெக்னீஷியன் டிஸ்க்கைக் கழற்றினார். மேலே புத்தம் புது லேபிள், ஆனால் ஒரு ஓரம் லேசாகத் தூக்கியிருந்தது. நகத்தால் உரித்தால் அடியில் இன்னொரு லேபிள்: வேறு சீரியல் எண், தயாரிப்பு வருஷம் 2019. கம்ப்யூட்டரில் மாட்டி அதன் ஸ்மார்ட் விவரத்தை, அதாவது டிஸ்க் தன் நிலையைத் தானே குறித்து வைக்கும் பதிவைத் திறந்தார். ஓடிய நேரம் 31,000 மணிக்கு மேல் காட்டியது. ராப்பகலாக ஓடினாலும் ஒரு வருஷத்துக்கு 8,760 மணி நேரம்தான். அப்படியென்றால் எங்கள் வீட்டுக்கு வருவதற்கு முன்பே இரண்டரை வருஷம் எங்கேயோ உழைத்துத் தேய்ந்த டிஸ்க். கேமராவுக்கென்றே வரும் சர்வைலன்ஸ் டிஸ்க்கும் இல்லை, சாதாரண டெஸ்க்டாப் டிஸ்க். புது டிஸ்க்குக்கான முழு விலையையும் வாங்கியிருக்கிறார்கள்.

பொருத்தியவரிடம் போனில் கேட்டால், "கரண்ட் ஏத்த இறக்கத்துல போயிருக்கும் சார், டிஸ்க்குக்கு வாரண்டி கிடையாது" என்றார். இரண்டு வருஷ வாரண்டி என்று வாட்ஸப்பில் அனுப்பியதே அவர்தான். பில்லை அப்புறம் அனுப்புகிறேன் என்றவர் கடைசிவரை எஸ்டிமேட் சீட்டைத் தவிர எதுவும் தரவில்லை. அம்மா இன்னும் சரியாகத் தூங்குவதில்லை. அந்த மனுஷனுக்கு அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை.

கேமரா போடப் போகிறவர்கள் டிஸ்க்கை உங்கள் கண்முன்னே உறை பிரிக்கச் சொல்லுங்கள். சீரியல் எண்ணைப் படம் எடுத்து, தயாரித்த கம்பெனியின் இணையதளத்தில் வாரண்டி இருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள். அதே எண் ஜிஎஸ்டி பில்லிலும் இருக்க வேண்டும். அட்மின் பாஸ்வேர்டை நீங்களே மாற்றிக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டுக்குள் நடப்பதை வேறொருவர் போனில் பார்ப்பது திருட்டைவிடப் பெரிய ஆபத்து. முந்தின நாள் பதிவை ஓட்டிக் காட்டிய பிறகு மிச்சப் பணத்தைக் கொடுங்கள். மாதம் ஒரு முறை பிளேபேக் பாருங்கள். ஊருக்குப் போகும்போது ஸ்டேஷனில் சொல்லிவிட்டுப் போனால் ரோந்து வருபவர்கள் ஒரு பார்வை பார்ப்பார்கள்.

ஏமாந்தவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் புகாரைப் பதியுங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. இரண்டு வருஷத்துக்குள் போக வேண்டும். பில் இல்லாவிட்டாலும் ஜிபே ரசீது, வாட்ஸப் உரையாடல், எஸ்டிமேட் சீட்டு எல்லாம் சாட்சிதான். நாங்கள் அந்த டிஸ்க்கையும் உரித்த லேபிளையும் பத்திரமாக எடுத்து வைத்து மனு தயார் செய்துகொண்டிருக்கிறோம். எங்கள் தெருவில் அதே ஆளிடம் வேலை கொடுத்தவர்கள் உங்கள் டிஸ்க்கின் லேபிளைப் பார்த்துவிட்டு எனக்குச் சொல்லுங்கள், சேர்ந்தே போகலாம்.